திருச்சிக்குப் போன ஐஸ் பெட்டி

மதுரை வில்லாபுரத்திலிருந்து பஸ் மாறி நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் வேலைக்குப் போகிறேன். அங்கே ஓர் ஆய்வகத்தில் மேடத்துக்குக் கீழே வேலை. செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் தண்ணீர் எடுத்து, பாட்டிலில் அடைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சம்பளம் அரசாங்கத் திட்டத்திலிருந்து வருகிறது. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அடுத்த திட்டம் கிடைத்தால் மறுபடி கூப்பிடுவார்கள்.

தொடக்கத்தில் ஒரு கிணற்றுக்கு இரண்டு பாட்டில். ஒன்று மேடத்துக்கு, அவர் உப்பைப் பார்ப்பார். இன்னொன்று அடுத்த அறை சாருக்கு. அவர் கிருமியைப் பார்ப்பார். சார் திருச்சிக்கு மாறிப் போனதும் அவருடைய பெட்டியை மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட ஆரம்பித்தேன். அடுத்த திட்டத்தில் சென்னை சேர்ந்தது. அங்கே இருந்தவர் சாரோடு படித்தவர். சாரிடம் படித்த பெண்ணுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அங்கேயும் ஒரு பெட்டி போயிற்று. யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. சுமை கூடுவதை வைத்து நானே தெரிந்துகொள்வேன்.

குறைந்ததும் அப்படித்தான். ஒரு கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்று மேடத்துக்கும் சாருக்கும் மனத்தாங்கல். போனில் மேடம் பேசிய பாதி மட்டும் என் காதில் விழுந்தது. "இனிமே திருச்சிக்கு எடுக்க வேணாம்ணே" என்றார். கொஞ்ச நாளில் சென்னை நின்றது, பெங்களூரும் நின்றது. அவர்களோடு மேடத்துக்கு ஒரு சண்டையும் இல்லை. சார் வழியாக வந்தவர்கள், சார் விலகியதும் பேச்சு குறைந்து போய்விட்டார்கள். மேடம் தனியாக எழுதிப் போட்ட புதுத் திட்டம் திரும்பி வந்தது. இப்போதெல்லாம் நாலு ஊர் ஆட்கள் சேர்ந்து கேட்டால்தான் பணம் கொடுக்கிறார்களாம்.

இருந்த திட்டத்தின் கடைசிச் சுற்றுக்குப் போனபோது எனக்கு நிலைகொள்ளவில்லை. இனி இந்த வயதில் எங்கே போய் வேலை கேட்பது என்ற யோசனையிலேயே கிணறு கிணறாக இறங்கினேன். கை பழைய பழக்கத்தில் திருச்சிக்கும் நிரப்பியிருக்கிறது. கடைசிக் கிணற்றில்தான் கவனித்தேன். கொட்டியிருக்கலாம். கொட்டாமல் ஏன் மாட்டுத்தாவணிக்குப் போனேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பழகிய கண்டக்டர் பெட்டியை வாங்கிக்கொண்டார். "என்னண்ணே, இம்புட்டு நாளா ஆளக் காணோம்? தண்ணிய வித்து வீடு கட்டிட்டியளோன்னு நெனச்சேன்."

சிரித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சாரிடமிருந்து போன். "பெட்டி வந்துச்சுண்ணே. மேடம் அனுப்பச் சொன்னாங்களா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். "ம்" என்றேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்று வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். "காலுக்கடியில எறும்பா ஊருது? செத்த உக்காருங்க, பாக்குற எனக்கே தலை சுத்துது" என்றாள் மனைவி.

காலையில் மேடம் கூப்பிட்டார். "திருச்சிக்குப் பெட்டி போச்சாண்ணே?"

"போச்சு மேடம்."

"நான் சமாதானத்துக்கு அனுப்புனேன்னு நெனச்சுக்கிட்டு அவரு அம்புட்டு நேரம் பேசுறாரு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் இல்லன்னு சொல்லல."

இருவரும் சேர்ந்து புதிதாக ஒரு திட்டம் எழுதத் தொடங்கினார்கள். பணம் இந்த முறை சார் பெயரில் வரும். சென்னைக்காரரும் உள்ளே வந்துவிட்டார். மேடம் முகம் தெளிந்திருந்தது. எனக்குத்தான் தூக்கம் போயிற்று. பல நாள் யோசித்து, ஒரு மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது கேட்டேவிட்டேன்.

"அதுல என் வேல இருக்கா மேடம்?"

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "அவரு பக்கம் ஆளு இருக்காங்களாம்ணே. நான் கேட்டா மறுபடி முட்டிக்கும். நீங்களே சார்ட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

இத்தனை வருடத்தில் நானாக அவருக்குப் போன் செய்ததில்லை. காளவாசல் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு செய்தேன். சுற்றிலும் ஹாரன் சத்தம். அந்தச் சத்தம் எனக்கு வசதியாக இருந்தது.

"மதுரைப் பக்கத்துக் கெணறு சேர்ந்துச்சுன்னா நீங்கதாண்ணே, வேற யாரு?" என்றார் சார். "சேருமான்னுதான் தெரியல. தஞ்சாவூர்ப் பக்கம் மட்டும் போதும்ங்கறாரு சென்னைக்காரரு. பேசிப் பாக்குறேன்."

பழைய திட்டம் முடிந்துவிட்டது. சம்பளம் இல்லை. இருந்தாலும் ஆய்வகத்துக்குப் போய் ஏதாவது கழுவி அடுக்கி வைக்கிறேன். போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மேடமும் சாரும் இப்போது தினமும் போனில் பேசுகிறார்கள். சில நேரம் சென்னைக்காரரும் சேர்ந்துகொள்கிறார். உள்ளேயிருந்து சிரிப்பு கேட்கிறது. நான் குழாயை மூடிவிட்டு, பேச்சில் மதுரை வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.