இரண்டு சண்டைக்கு நடுவே ஒரு தூக்குப் புளிசாதம்

எறும்புப் புற்றைக் கண்டால்கூடச் சுற்றிக்கொண்டு போகிற சமணக் குடும்பம் அது. அதில் பிறந்துவிட்டு அடுத்தவர் மூக்கைக் குறிபார்க்கிறவள் ஹர்ஷினி. பகலெல்லாம் திண்டிவனத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, சாயங்காலமானால் குத்துச்சண்டை. மூன்று வருஷமாக மாவட்ட இறுதிச்சுற்று வரை வந்து, அங்கே மூச்சு வாங்கித் தோற்பதே வழக்கமாகிவிட்டது. இந்த வருஷமும் கோட்டைவிட்டால் கையுறையைக் கழற்றிவிட்டுக் கல்யாணத்துக்குத் தலையாட்டுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள்.

விழுப்புரத்தில் போட்டி. ஐந்து மணிக்கு அரையிறுதியை ஜெயித்தாள். ஆறரைக்கு இறுதி. நடுவில் உடம்பைத் தேற்றுவதுதான் பாதிச் சண்டை என்பார் கோச் ஜெசிந்தா. அவளைத் தரையில் படுக்கவைத்து, காலைச் சுவரில் தூக்கி வைத்து, கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டார். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் மடக்கு மடக்காக, அரை வாழைப்பழம். அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து அம்மா குசுமா தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள். பொழுது சாய்ந்தால் இவர்கள் வீட்டில் யார் வாயிலும் பருக்கை படாது.

"இருட்டப் போவுதுடி. ஜல்தி சாப்டு. காலைத் தூக்கிக்கினு படுத்தா பசி அடங்குமா?"

"வயிறு ரொம்பினா கை ஓடாதுமா. வேணாம்."

புளிசாத வாசனைக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஹர்ஷினி பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

சோற்றை வீணாக்கினால் பாவமாயிற்றே. குசுமா ஆள் தேடினாள். மூலையில் ஒரு பெண் துவண்டுபோய் உட்கார்ந்திருந்தாள். யார் பெற்ற பிள்ளையோ என்று மொத்தத்தையும் அவளுக்குப் போட்டு, மல்லாட்டைத் துவையலையும், வேர்க்கடலையில் அரைத்தது, வழித்து வைத்தாள். அந்தப் பெண் சட்டியைக் காலி செய்தாள்.

ஆறரைக்கு எதிரே ஏறி நின்றது அவள்தான், ஓமந்தூர் கலைப்பிரியா. பக்கத்தில் வந்ததும் ஹர்ஷினிக்குத் தன் வீட்டுப் பெருங்காயம் மணந்தது. விஷயம் புரிந்துபோயிற்று.

முதல் சுற்றில் கலைப்பிரியாவுக்கு ஏப்பம். இரண்டாவதில் விக்கல். மூன்றாவதில் ஹர்ஷினியின் குத்து வயிற்றில் இறங்க, அதைப் பிடித்துக்கொண்டு கயிற்றில் சாய்ந்தாள், நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். ஹர்ஷினிக்கோ காலில் இன்னும் துள்ளல் மிச்சமிருந்தது. நாலாவது வருஷத்திலாவது ஜெயித்த சந்தோஷத்தில் ஓவென்று அழுதாள்.

பதக்கத்தோடு அம்மாவிடம் ஓடினாள். குசுமாவின் முகம் தொங்கிக் கிடந்தது.

"நம்ம கையால சாப்ட்ட புள்ளைய வயித்துலயே குத்துறியே, நல்லா இருக்குதா?"

"வேற எங்கமா குத்துறது? மூஞ்சியதான் மூடிக்கினு இருந்தா."

"வயித்து வலி நின்னுச்சானு மொதல்ல அவள கேட்டுக்கினு வா. அப்புறம் மெடலைக் காட்டு."