கந்தவனத்தாரின் இரண்டு கப்பல்கள்

கந்தவனத்தாரின் முதற்கப்பல் பழுது என்று அன்றே கண்டுபிடித்தவள் நான்தான் என மரணவீட்டில் பலர் மெச்சினார்கள். அது உண்மையல்ல. பிழை என்னுடையது.

செய்தி செவ்வாய்க்கிழமை காலை வந்தது. "அன்ரி, அப்பா தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு அப்பிடியே கண்ணை மூடியிட்டார்" என்றாள் அவர் மகள். முழுவதும் குடித்தாரா என்று கேட்டேன். "ஓம்" என்றாள். எதையும் அரைகுறையாக விட்டவரல்லர் அவர்.

வெள்ளையர் ஆண்ட காலத்தில் வல்வெட்டித்துறையில் கட்டி, அமெரிக்காவரை பாய் விரித்துப் போன கப்பலை அறிவீர்கள். இளவயதில் அதன் பலகைகளுக்கு ஆணி அடித்தவர் கந்தவனத்தார். எண்பது வயதுக்குமேல், புலம்பெயர்ந்து வந்த மனோர் பார்க்கில் மகள் வீட்டுப் பின்னறையில், அதையே ஐந்தடி நீளத்தில் மீண்டும் கட்டினார். படம் எதையும் பார்க்கவில்லை. "கை மறக்கேல்லைத் தங்கச்சி" என்பார். இந்த வயதில் என்னைத் தங்கச்சி என்றவர் அவர் ஒருவரே.

பூங்காக் குளத்தில் விடும் நாளில் பொங்கிப் படைத்து, தேங்காய் உடைத்தோம். கப்பல் சாயாதிருக்க அடியில் மணற்பைகளை அடுக்கத் தொடங்கினார். நான் மறித்தேன். வல்வெட்டித்துறைக் கப்பல் அரிசிதான் ஏற்றியது. என் தகப்பனார் சுங்கத்தில் இருந்தவர், எனக்குத் தெரியும். பொங்கியது போக மிஞ்சிய அரிசியை நீட்டினேன்.

"அரிசி தண்ணி குடிக்கும், தங்கச்சி."

"அப்ப உங்கட கப்பல் ஒழுகுமோ அண்ணை?"

எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். அவர் மணலை இறக்கிவிட்டு அரிசியை ஏற்றினார்.

புதுப் பலகை நீரில் ஊறி இறுகும்வரை சிறிது கசியும் என்பதை நான் அறியவில்லை. பின்னேரம் நான்கு மணிக்கு அரிசி ஊதிப் பலகைகளைப் பிளந்து கொட்டியது. "அன்ரி வாத்துகளுக்குப் பந்தி வைச்சிட்டா" என்றார் ஒருவர். கந்தவனத்தார் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நனைஞ்ச அரிசிக்கு உண்மைக் கப்பலும் இப்பிடித்தான் பிளக்கும். அப்ப நான் சரியாத்தான் கட்டியிருக்கிறன்."

இதை என்னிடம் மட்டுமே சொன்னார். கேட்ட மற்றவர்களுக்கெல்லாம், "ஆணி பிழைச்சுப்போச்சு" என்றார். என் அகங்காரக் கேள்வி நாளடைவில் எச்சரிக்கை என்று பெயர் பெற்றது. மௌனமும் பொய்யாகலாம் என்று கன்னியர் மடத்தில் படித்தவள் நான், மௌனமாகவே இருந்தேன்.

இரண்டு வருடத்தில் அடுத்த கப்பலைக் கட்டி என் முன்னறையில் கொண்டுவந்து வைத்தார். "உங்கட வீட்டிலை தூசியும் கேட்டுத்தான் உள்ளை வரும்" என்றார். அடியில் மணல். மணலின்மேல் ஒரு சிறு போத்தலில் அரிசி, மூடி மெழுகால் அடைத்தது. "உங்கட சரக்கு, தங்கச்சி. இந்த முறை நனையாது."

போத்தல் என்னிடமே இருக்கும். கப்பலைத் தமிழ்ப் பாடசாலை மண்டபத்துக்குத் தருகிறேன். பிளந்த கப்பல் கட்டியவரின் வேலை என்று நிர்வாகக் குழுவினராகிய நீங்கள் தயங்குவதாகக் கேள்விப்பட்டேன். பிளந்த காரணத்தை இப்போது அறிந்துகொண்டீர்கள். கண்ணாடிப் பெட்டியில், அவர் பெயர் பொறித்து வைப்பீர்களா? தொலைபேசியில் "பாப்பம் அன்ரி" என்று சொல்ல வேண்டாம். பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.