அனுவின் பையில் ஒரு கத்தி

லக்ஷ்மிநாராயணனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் புதுப்பட்டினத்தில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. கரப்பான்பூச்சி பறந்தால் நாற்காலி மேல் ஏறி நிற்பார். அப்படிப்பட்டவரின் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய மடக்குக் கத்திகள் இருந்தன என்றால் யார் நம்புவார்கள்? திருக்கழுக்குன்றம் திருவிழாக் கடையில் வாங்கிய எருமைக்கொம்புப் பிடி போட்ட கத்தி, மகாபலிபுரத்தில் ஒரு வெள்ளைக்காரனிடம் பேரம் பேசி வாங்கிய சிவப்புக் கத்தி, இன்னும் என்னென்னவோ. ஞாயிற்றுக்கிழமையானால் எல்லாவற்றையும் பேப்பரில் பரப்பித் தேங்காய் எண்ணெய் தடவுவார். ஒன்று மட்டும் எப்போதும் பேண்ட் பையில் இருக்கும். அணுமின் நிலையத்தில் இயந்திர வரைபடம் வரையும் வேலை பார்த்த காலத்தில், கேட்டில் விடமாட்டார்கள் என்று, தினமும் அதைச் சதுரங்கப்பட்டினம் முனையில் செல்லம்மாவின் டீக்கடையில் வைத்துவிட்டுப் போவார்.

"எலுமிச்சம்பழம் அறுக்கவே கை நடுங்குது. உங்களுக்கு எதுக்குங்க கத்தி?" என்று மனைவி கல்யாணி கேலி செய்வாள்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமையோடு அந்தக் கேலி நின்றது. அப்பாவும் மகள் அனுவும் அன்று காலை கடற்கரைக்கு நடக்கப் போயிருந்தார்கள். தண்ணீர் துரத்திக்கொண்டு வந்தது. ஓடும்போது அனுவின் துப்பட்டா முள்கம்பி வேலியில் சுற்றிக் கழுத்தை இறுக்கிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, பையிலிருந்த சின்னப் பித்தளைக் கத்தியால் துணியை அறுத்து அவளை இழுத்துக்கொண்டு வந்தார். கத்தி இல்லாமல் போயிருந்தால்? அந்தக் கேள்வி அன்றைக்கு அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது, இறங்கவே இல்லை. அனு மட்டும் ஒரே வாரத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "அப்பா, அலை தினமும் வராதுப்பா" என்பாள்.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்குச் சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை கிடைத்தது. போக வர கேப், வழியெல்லாம் கடலோரம். அந்தப் பித்தளைக் கத்தி அவளிடம் இருந்தால்தான் தனக்குத் தூக்கம் வரும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் கத்தியை நேராகக் கையில் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்பார்களே! கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். சொன்னால் சிரிப்பாள். அதனால் மனுஷன் திருட்டுத்தனமாக அவள் கைப்பையின் ஓரத்து அறையில் செருகிவிட்டார். தினமும் அவள் வேலையிலிருந்து வந்ததும் பையைத் தொட்டுப் பார்ப்பார். கத்தி அங்கேயே இருக்கும். அவள் கண்ணில் படவே இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

சில மாதம் போனது. ஒரு காலை அனு கேப் ஏறிப் போன பிறகு, காப்பி டம்ளரை நீட்டியபடி கல்யாணி சொன்னாள்: "இன்னிலேர்ந்து அவ ஆபீஸ்ல பையையெல்லாம் மெஷின்ல விட்டுப் பாக்கப் போறாங்களாம். போன வாரம் எவனோ ஸ்க்ரூடிரைவர் கொண்டு போனானாம், வேலையை விட்டே அனுப்பிட்டாங்களாம்."

அவர் டம்ளரை வாங்காமலே எழுந்தார். அனுவுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வேலை போய்விடும். போலீஸ் வரும். கத்தி வைத்திருந்த பெண் என்று ஊர் பேசும். எல்லாம் தன்னால். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

கோவளம் வரை பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே போனார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவர் கனத்தை மகள் மடியில் அல்லவா வைத்திருந்தார்! அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துச் சிறுசேரியில் இறங்கினார். கம்பெனி கேட்டில் காவலாளி எல்லப்பன் ஒரு கருவியை அவர் உடம்பில் ஓட்டினான். அது 'கீ' என்று கத்தியது.

"பாக்கெட்ல இன்னா சார்?"

எருமைக்கொம்புப் பிடிக் கத்தி. பழக்கதோஷத்தில் எடுத்து வந்திருந்தார்.

"யாரப் பாக்க வந்துகீறீங்க?"

அவ்வளவுதான், நாக்குக் குழறி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "அனு... எம் பொண்ணு. அவ பையில ஒரு கத்தி இருக்கும். நான்தான் போட்டேன். அவளுக்குத் தெரியவே தெரியாது. அவ மேல தப்பில்லப்பா."

எல்லப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து வைத்தான். பித்தளைக் கத்தி.

"இதுவா பாருங்க. வேலைக்குச் சேந்த மொத நாள்லேர்ந்து அந்தப் பொண்ணு இத எங்கிட்ட குட்த்துட்டுத்தான் உள்ள போவுது. சாயங்காலம் வாங்கிக்கும். கையில குட்த்தா வாங்காது, கீழ வைங்க அண்ணாத்தன்னும். பயப்படாதீங்க, வேலைக்கு ஒண்ணும் ஆவாது."

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கக்கூடச் செய்தார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சிக்காதீங்க" என்றான் எல்லப்பன். "கேப்ல இருந்து எறங்கசொல்லோ கத்தி அது பையில இருக்காது சார். கையில கெட்டியாப் புட்ச்சிகினு எறங்கும். வெரலெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். எதுக்கும்மான்னு ஒருநா கேட்டேன். வழியெல்லாம் கடலு தெரியுது அண்ணாத்தன்னுச்சி."

அவர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவள் வீட்டில் சிரிப்பதெல்லாம் தனக்காகத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

சேதி கேட்டு அனு இறங்கி வந்தாள். வரும்போதே எப்போதும் போலச் சிரித்தாள். "என்னப்பா, இங்கயும் அலை வந்துடுச்சா?"

அவர் அவளுடைய வலது கையைப் பிடித்து மெல்ல விரித்தார். உள்ளங்கையில், கத்திப் பிடி அழுந்தும் இடத்தில், தோல் காய்த்துப்போயிருந்தது. அனுவின் சிரிப்பு நின்றது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. யார் கை நடுங்குகிறது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.