சூசையப்பரைத் தூக்குமுன் கேட்கிற கேள்வி

இன்னாசிமுத்து மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அதைச் சொல்ல அவருக்கு வெட்கம் கிடையாது. "மூணாப்புப் படிச்சவன் கட்டுன கோயில்லதான் டிகிரி முடிச்சவனும் முட்டி போடுறான்" என்பார், நெஞ்சை நிமிர்த்தி.

சும்மா சொல்கிற பேச்சில்லை. இலங்கை மலைநாட்டில், பலாங்கொடைக்கு மேலே, பஸ் போய்த் திரும்புகிற கடைசி முனையில் இருக்கிறது கல்மேட்டுத் தோட்டம். அங்கே சூசையப்பர் கோயில் என்றால் ஒரு காலத்தில் நாலு தகரமும் ஒரு மரச் சிலுவையும்தான். காற்றடித்தால் தகரம் பறந்து தேயிலைக்குள் விழும். பூசை பாதியில் நிற்கும். இன்று சுவர் இருக்கிறது, ஓடு இருக்கிறது, மணி இருக்கிறது. ஞாயிறு தோறும் ஆள் சேர்த்து, ஆற்று மணலைத் தலையில் சுமந்து அதை எழுப்பியவர் அவர்தான். கொழுந்து மூட்டை தூக்குகிற பயலாகத் தேயிலைப் பெக்டரிக்குள் நுழைந்து, அரைக்கிற மெஷினுக்குப் பொறுப்பாளாகி, லயம் என்கிற வரிசை வீடுகளை விட்டு வெளியே சொந்த மண்ணில் வீடும் போட்டார். இந்த மலையில் இப்படி இன்னொரு ஆளைக் காட்டுங்கள், பார்ப்போம்.

ஆனால் கோயிலை விடவும் வீட்டை விடவும் அவர் பெருமைப்பட்டது தன் கலியாணத்தைப் பற்றித்தான். விளக்கு வைத்ததும் அவரும் மனைவி ஞானப்பூவும் மாதா படத்துக்கு முன்னால் முட்டி போடுவார்கள். "அருள் நிறைந்த மரியாயே வாழ்க" என்று அவர் எடுப்பார். "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று அந்த அம்மா முடிப்பார். பாதி இவருடையது, பாதி அவருடையது. மழை பெய்தாலும் மண் சரிந்தாலும் அந்தச் செபமாலை நின்றதில்லை.

ஞானப்பூவுக்குச் சண்டை போடத் தெரியாது. கோபம் வந்தால் சோறு போடுவார், வெந்நீர் வைப்பார், எல்லாம் செய்வார். செபமாலையில் மட்டும் தன் பாதியைச் சொல்ல மாட்டார். உதடு அசையும், சத்தம் வராது. அப்போது இன்னாசிமுத்து இரண்டு பாதியையும் தானே சொல்லித் தொலைக்க வேண்டும், தனியாளாக உட்கார்ந்து இரண்டு பக்கமும் கரம் போர்ட் விளையாடுகிறவன் மாதிரி. இரண்டாம் நாளே மனிதர் வழிக்கு வந்துவிடுவார்.

அந்த வருஷம் மட்டும் வரவில்லை.

மே முதலாம் திகதி தொழிலாளர் சூசையப்பர் திருநாள். அதற்கான கூட்டம் கோயிலுக்குள் நடந்தது. பாதர் சிங்களவர், தமிழை மெதுவாக, தப்பில்லாமல் பேசுவார். எல்லாம் பேசி முடிந்து எழும்புகிற நேரம், உபதேசியார் மரியநாயகம் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்:

"எல்லாம் பெரிசாத்தான் செய்றீங்கண்ணே. ஒங்க வீட்டு மருமகன் மட்டும் கோயில் வாசலோட நின்னுக்கிறாரு."

மருமகன் கிருஷ்ணகுமார் தோட்டத்துக்கு ஏறுகிற பஸ்ஸின் டிரைவர். முருகனைக் கும்பிடுகிற பிள்ளை. மகள் பிலோமினாவை அவர் கட்டியது ஆயர் ஆண்டகையிடம் அனுமதி வாங்கி, இதே கோயிலில்தான். மாதா மாதம் பூசைக்கு மனைவியை இறக்கிவிட்டு, வெளியே மாமரத்தடியில் காத்திருப்பார். திருநாளன்று மட்டும் உள்ளே வந்து சப்பரத்துக்குத் தோள் கொடுப்பார். பெக்டரி வளைவில் பள்ளத்துப் பக்கமாகப் பின்னால் நின்று தாங்க அவர் தோளை விட்டால் வேறு தோள் கிடையாது.

இன்னாசிமுத்துவுக்குச் சுருக்கென்றது. "இந்தத் திருநாளுக்கே என் மருமகனுக்கு ஞானஸ்நானம். எழுதி வெச்சுக்க!"

பாதர் நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, அவர் கேட்டாரா?"

"கேப்பாரு பாதர். நான் சொன்னா கேப்பாரு."

கிருஷ்ணகுமாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் நிசம். ஆனால் மலையில் பேச்சு பஸ்ஸை விட வேகமாக இறங்கும். மறுநாள் பலாங்கொடை டவுனில், ஹாட்வெயார் கடை மக்கீன் நானா பஸ் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று கேட்டாராம்: "என்ன தம்பி, சாமிய மாத்துறீங்களாமே? நம்மகிட்டச் சொல்லவே இல்லியே!"

அன்றிலிருந்து கிருஷ்ணகுமார் மாமனார் வீட்டுப் படி ஏறவில்லை. "நீ போய்ட்டு வா, நான் வர்ல. திருநாளைக்கும் என்னைய எதிர்பாக்க வேணாம்" என்று பிலோமினாவிடம் சொல்லிவிட்டார். மகள் பிள்ளை அழுதுகொண்டே வந்து தாயிடம் சொன்னது.

ஞானப்பூ கணவன் முன்னால் வந்து நின்றார். "என்னாங்க, கலியாணத்தன்னிக்குப் பாதர் முன்னால வாக்குக் குடுத்தது நம்ம மக. வேதத்த விட மாட்டேன், புள்ளைங்கள வேதத்துல வளப்பேன்னு சொன்னிச்சு. அந்தத் தம்பிகிட்டப் பாதரே வாக்குக் கேக்கல. நீங்க யாரு குடுக்க?"

"நல்லதுக்குத்தானே சொன்னேன்?"

"மரியநாயகத்துக்குப் பதில் குடுக்கணும்னு சொன்னீங்க. அது நல்லதா?"

அன்றைக்கு நவநாள் முதல் நாள், திருநாளுக்கு முந்திய ஒன்பது நாள் செபத்தின் தொடக்கம். விளக்கு வைத்தார்கள், முட்டி போட்டார்கள். "அருள் நிறைந்த மரியாயே வாழ்க" என்று எடுத்தார். மறுபாதி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நவநாள் முழுக்க வரவில்லை. 'ஒரு பொம்பளைக்குப் பயந்து வாக்க மாத்துனா இன்னாசிமுத்துவுக்கு என்ன மருவாதி' என்று அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பாதியையும் சொல்லி முடித்தார். ஆனால் தூக்கம் பிடிக்கவில்லை.

திருநாளும் வந்தது. பூசை முடிந்து, சூசையப்பர் சுரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றி, மல்லிகை சுற்றி வெளியே வைத்தாயிற்று. மலைக்கு அந்தப் பக்கம் மழை கறுத்துக்கொண்டு நின்றது. கோயிலுக்குக் கீழே ரோட்டில் கிருஷ்ணகுமாரின் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. மே தினக் கூட்டத்துக்குத் தொழிற்சங்கக்காரர்களை ஏற்றிப் போக வந்த பஸ். சிவப்புச் சட்டையோடு தோட்டத்துச் சங்கத் தலைவர் வேலுசாமி வாசற்படியில் தொங்கிக்கொண்டு நின்றார். பிலோமினா இந்தப் பக்கம் கோயில் முற்றத்தில், கண் மட்டும் அந்தப் பக்கம்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். முன்னொரு திருநாளில், ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் சப்பரம் தூக்கினார்கள். பெக்டரி வளைவில் அவன் ஒரு பக்கம் இழுக்க, இவன் ஒரு பக்கம் இழுக்க, சூசையப்பர் சாய்ந்து, கையிலிருந்த லீலிப் பூ ஒடிந்து போனது. அந்த வருஷமே இன்னாசிமுத்து சட்டம் போட்டார். தூக்குமுன் கேட்க வேண்டும். "இல்லை" என்று பதில் வந்தால்தான் தூக்க வேண்டும். வேறு எந்தத் தோட்டத்திலும் இந்த வழக்கம் கிடையாது. அது தன்னுடைய மூளை என்று அவர் சொல்லாத ஆள் கிடையாது.

வழக்கப்படி மைக்கைப் பிடித்தார். "இங்க நிக்கிறவங்கள்ல, யாருக்காச்சும் யாரு மேலயாச்சும் மனத்தாங்கல் இருக்கா?"

"இல்லை!" என்றது கூட்டம்.

"எனக்கு இருக்குங்க."

ஞானப்பூதான். சத்தம் போடவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. தோள் கொடுக்கக் குனிந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மரியநாயகம் மேலே மழையைப் பார்ப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன புள்ள இது, சபையில..." என்று இன்னாசிமுத்து முணுமுணுத்தார். மைக் அதையும் ஊருக்குச் சொன்னது.

"நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். என்கிட்ட ஒண்ணும் பேச வேணாம். கீழ போய்ப் பேசுங்க."

இன்னாசிமுத்து பாதரைப் பார்த்தார். "ஹரி, ஐயா" என்று சிங்களத்துச் 'சரி'யைச் சொன்னார் பாதர், "நாங்க நிக்கிறோம்."

தான் போட்ட சட்டம். தானே மீறினால் நாளைக்கு யார் மதிப்பான்? மைக்கை வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கல் படிகள் ஒவ்வொன்றும் அவர் பதித்தவை. அன்றைக்குத்தான் அவை இத்தனை என்று தெரிந்தது.

"என்னண்ணே, சாமிய விட்டுட்டு மே தினத்துக்கு வாறீங்களா? ஏறுங்க, எடம் இருக்கு!" என்றார் வேலுசாமி. பஸ் முழுக்கச் சிரித்தது.

இன்னாசிமுத்து காதில் வாங்கவில்லை. டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். முகப்புக் கண்ணாடிக்கு மேலே முருகன் படம். பக்கத்தில் அதே அளவில் சூசையப்பர் படம், பூவோடு. யார் ஒட்டச் சொன்னார்கள் அதை?

"மாப்ள."

கிருஷ்ணகுமார் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, "சொல்லுங்க மாமா" என்றார்.

"ஒங்களக் கேக்காம ஒங்களுக்காக வாக்குக் குடுத்துட்டேன். எவனோ சொன்னான்னு என் ரோசத்துக்குச் சொன்னது. அது வேதமில்ல, வீம்பு. எல்லாரும் கேக்கத்தான் சொல்றேன். ஒங்க சாமி ஒங்களோட. மன்னிச்சுக்குங்க."

பஸ்ஸுக்குள் சிரிப்பு நின்றுபோயிருந்தது. கிருஷ்ணகுமார் ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுத்து மாமனாரைப் பார்த்தார்.

"என்கிட்ட நேர கேட்டிருந்தீங்கன்னா முடியாதுன்னு சொல்லியிருப்பேன் மாமா. கோச்சுக்கிட்டிருக்க மாட்டேன்."

"அதுக்குத்தான் கேக்கல."

மருமகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். "தலைவரே, ஒரு அரை மணித்தியாலம் பொறுங்க."

"கூட்டம் தொடங்கிருமே தம்பி!"

"சூசையப்பரும் தொழிலாளிதான் தலைவரே. தச்சாசாரி."

வேலுசாமி தலையைச் சொறிந்தார். பிறகு அவரும் இறங்கினார். அவர் இறங்க, பஸ்ஸே இறங்கியது.

முற்றத்தில் இன்னாசிமுத்து மறுபடி மைக்கை எடுத்து, அதே கேள்வியைக் கேட்டார். கூட்டம் ஞானப்பூவைப் பார்த்தது. "இல்லை" என்றார் அந்த அம்மா. பிலோமினா தாய்க்குப் பின்னால் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டது. கிருஷ்ணகுமார் துண்டைச் சும்மாடாக மடித்துத் தோளில் போட்டு, பின்னால் தன் இடத்தில் போய் நின்றார். சப்பரம் எழும்பியது.

"அருள் நிறைந்த மரியாயே வாழ்க" என்று இன்னாசிமுத்து எடுத்தார்.

"அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே!"

நவநாள் முழுக்க அடக்கி வைத்திருந்த குரல் மலையில் பட்டுத் திரும்பியது. சிவப்புச் சட்டைகளும் சேர்ந்து நடக்க, பெக்டரி வளைவில் சூசையப்பர் ஒரு நூல் கூடச் சாயவில்லை. தூறல் விழுந்தது, யாரும் குடை விரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மகளும் மருமகனும் வீட்டில் சாப்பிட்டுக் கொண்டிருந்தார்கள். இன்னாசிமுத்து நடுவில் உட்கார்ந்து, "இந்த ரத்னபுரி மாவட்டத்துலயே, பஸ் நெறைய ஆள வெச்சுக்கிட்டு மருமகன்கிட்ட மன்னிப்புக் கேட்ட மாமனாரு நான் ஒருத்தன்தான். வேற எவனுக்கு வரும் அந்தத் தைரியம்?" என்றார்.

"வராது மாமா" என்றார் கிருஷ்ணகுமார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

ஞானப்பூ மாதா படத்துக்கு விளக்கு வைத்துவிட்டுத் திரும்பினார். "பேசினது போதும். மாலைய எடுங்க."