ஐயாவின் சாரம் என்ன நிறம்

உங்கள் அக்காவின் கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது இது நடந்தது. நீங்கள் இரண்டு பேரும் அன்று பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

அத்தான் ஸ்கொட்லாந்துக்காரர், இங்கே எஸ்பியர்க் துறைமுகத்தில் வேலை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய ஊரில் குடும்பப் பெயருக்கென்று கட்டம் போட்ட துணி ஒன்று இருக்கிறதாம். டார்டன் என்பார்கள். கலியாணத்தன்று அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வருவார் என்று அக்கா சொன்னதும் அம்மா சிரித்துவிட்டா.

“மாப்பிள்ளை பாவாடையோடயோ வரப்போறார்?”

“ஐயோ அம்மா, அவருக்கு முன்னால அப்பிடிச் சொல்லிப்போடாதேங்கோ!”

எங்கள் பெயருக்கும் டார்டன் இருக்கிறதா என்று அத்தான் கேட்டாராம். இருந்தால் தன் பூச்செண்டில் அதைக் கட்ட அக்காவுக்கு ஆசை. எங்கள் ஒடென்சே வீட்டுக் குசினியில் உட்கார்ந்து போனில் தேடினாள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் நின்றேன். கலியாணத்தோடு அவள் அத்தானின் பெயருக்கு மாறப்போகிறாள். அன்றைக்கு ஒரு நாளாவது எங்கள் பெயருக்கும் ஏதாவது இருக்கட்டுமே என்று மனம் கிடந்து அடித்தது.

“ஒண்டும் வரேல்லை அப்பா.”

“எழுத்துச் சரியோ? வடிவாப் பார்.”

“தபால் பெட்டியில இருக்கிற மாதிரித்தான் அடிச்சனான்.”

எப்படி வரும்? எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயரை முன்னால் போட்டுக்கொள்வோம். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். நான் இந்த நாட்டுக்கு வந்த அன்று, படிவம் நிரப்பியவர் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். என் ஐயாவின் பெயரைச் சொன்னேன். பிறகு அதுவே அம்மாவுக்கும் உங்கள் மூன்று பேருக்கும் வந்துவிட்டது. ஐயா காணாத வீட்டின் வாசலில் அவர் பெயர் இருக்கிறது. அவர் செத்தபோது எனக்கு இங்கே விசா கிடைத்திருக்கவில்லை. நான் போகவில்லை.

இதையெல்லாம் அக்காவுக்குச் சொல்லிவிட்டு, “உன்ர அப்பப்பா எந்த நாளும் சாரம்தான் கட்டுவார். அதுவும் கட்டம் போட்டதுதான்” என்றேன்.

அவள் போனைக் கீழே வைத்தாள். “அப்ப அதுதான் எங்கட டார்டன். என்ன கலர் அப்பா?”

ஐயா சாரத்தை மடித்துக் கட்டுகிற விதம் ஞாபகம் வந்தது. முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பு வந்தது. சவர்க்கார மணம்கூட வந்தது. நிறம் வரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீலம்” என்றேன்.

அன்று பின்னேரமே யாழ்ப்பாணத்துக்குத் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன்.

“பச்சை எண்டு நினைக்கிறன் அண்ணை. வடிவாத் தெரியேல்லை. நான் அப்ப சின்னப்பிள்ளையெல்லே. உங்களுக்குத்தானே தெரிஞ்சிருக்கோணும்?”

ஓம், எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

அக்காவின் பூச்செண்டில் நீலக் கட்டத் துணி கட்டியிருந்ததை நீங்களும் பார்த்தீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் “என்ர அப்பப்பாவின்ர கலர்” என்று சொல்லிக்கொண்டே போனாள். அத்தானின் தாய் அதைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கினா. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்தத் துணியை அக்கா சட்டம் போட்டுத் தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். போகும்போதெல்லாம் சொல்ல நினைத்து, சொல்லாமலே திரும்பி வருகிறேன்.