படத்தில் வராத அறை

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பாளையங்கோட்டையில் ஒரு வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, வாத்தியாரின் மகன். கோடு நேராக இழுப்பேன், வண்ணம் ஓரம் தாண்டாமல் பூசுவேன் என்பதைத் தவிர வேறு சாமர்த்தியம் என்னிடம் கிடையாது. அதை வைத்தே ஒரு வேலை கிடைத்தது. திருநெல்வேலி டவுனில் பெரிய கோவிலைச் சுற்றிக் கிடந்த பழைய தெருக்களைச் சீர்செய்ய ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். அந்தக் கமிட்டிக்குப் படம் வரைகிற ஆள் நான். தினமும் காலையில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி நடந்து போவேன், சாயங்காலம் அதே பாலத்தில் திரும்பி வருவேன்.

வாந்திபேதி வந்து ஊரை அலசிவிட்டுப் போன சமயம் அது. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, காற்றும் வெளிச்சமும் உள்ளே போக வழியில்லை, அதனால்தான் நோய் வருகிறது என்று கமிட்டி முடிவு செய்தது. அதற்கு மருந்தும் கண்டுபிடித்தது. வீடுகளின் கொல்லைப்பக்கம் ஒரு சந்து ஓடியது, அதைப் பத்தடி அகலமாக்கி நேராக்குவது. சந்தின் ஒரு பக்கம் ஒரு சத்திரத்தின் கல்மதில். அதைத் தொட முடியாது. ஆகவே தேவையான இடம் முழுவதையும் வீடுகளின் பக்கமிருந்துதான் எடுக்க வேண்டும். எந்த வீட்டில் எவ்வளவு எடுப்பது என்பதைப் படம் சொல்லும் என்றார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வீடுகளை அளந்த கதையைச் சொன்னால் இப்போது சிரிப்பார்கள். அது சைவப் பிள்ளைமார் தெரு. வேதக்காரனான நான் நடைவாசலைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. அளவுச் சங்கிலி பிடிக்க என்னோடு வந்த ஆட்கள் இருவரும் வாசலுக்கே வரக் கூடாது, தெருவில்தான் நிற்க வேண்டும். அதனால் அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையை வீட்டுக்காரர் உள்ளே கொண்டு போவார். அதற்கு முன்னால் நாடாவின் மேல் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிச் சுத்தம் செய்வார். துணி நாடா நனைந்தால் சுருங்கும். சுருங்கிய நாடாவால் அளந்ததில் அந்தத் தெருவிலிருந்த வீடுகளெல்லாம் உள்ளதைவிடச் சில அங்குலம் நீளமாகிவிட்டன. தெருவே கொஞ்சம் வீங்கிப்போனது. எனக்கு மேலே இருந்த ஓவர்சீரிடம் சொன்னேன். போகட்டும், ஒரு வாரத்தில் தானே இளைத்துவிடும் என்றார். அவருக்கு வேலை முடிந்தால் போதும்.

தெருவின் நடுவில் இருந்த ஒரு வீடு மட்டும் குட்டையாக வந்தது. பக்கத்து வீடுகளைவிடப் பதினைந்தடி குறைவு. வீட்டுக்காரர் ஐம்பது வயதுக்காரர், ஜவுளி வியாபாரி, நல்ல மனிதர் என்று பெயர். எனக்கு மோர் கொடுத்தனுப்புவார், தனியாக வைத்திருந்த ஒரு தகரக் குவளையில். அளவு குறைகிறதே அண்ணாச்சி, பின்னால் கட்டடம் ஏதாவது உண்டா என்று வாசலிலிருந்தே கேட்டேன்.

"வீடு அடுப்பங்கரையோட முடிஞ்சுது வே. அதுக்கு அங்கிட்டு ஒண்ணும் கிடையாது" என்றார்.

அவர் பொய் சொன்னார் என்று இன்றுவரை நான் நினைக்கவில்லை. எத்தனை பேர் குடியிருக்கிறீர்கள் என்று தாளில் ஒரு கட்டம் இருந்தது. பதினொன்று என்றார். விரல் விட்டு எண்ணித்தான் சொன்னார். எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

சந்துக்குள் போய் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். நான் போகவில்லை. அது மலம் அள்ளுகிறவர்கள் வந்துபோகிற சந்து. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோவிலில் எல்லா மனிதரும் ஒன்று என்று பாடுகிறவன்தான் நான், ஆனாலும் அந்தச் சந்தில் கால் வைக்க எனக்குக் கூசியது. வீட்டுக்காரர் பின்பக்கத்தை எண்ணவில்லை, நான் பின்பக்கம் போகவில்லை. இரண்டு பேருடைய ஆசாரமும் சேர்ந்து அந்த இடத்தைக் காலி இடமாக ஆக்கிவிட்டன.

படத்தை மெழுகுத் துணியில் நகலெடுத்தேன். செங்கல் வீடுகளுக்கு ரோஜா நிறம், ஓலைக் கூரைக்கு மஞ்சள், காலி மனைக்கு ஒன்றும் பூசுவதில்லை, வெள்ளையாக விட்டுவிடுவோம். அடுப்பங்கரைக்குப் பின்னாலிருந்த வெள்ளை இடத்தின் வழியாகப் புதிய சந்தின் கோடு சுகமாகப் போனது. அந்தத் தெருவில் யாருக்கும் சங்கடமில்லாமல் கோடு போன இடம் அது ஒன்றுதான். ஓவர்சீர் அந்த இடத்தில் விரலை வைத்து என்னைப் பாராட்டினார்.

பிறகு கோட்டைத் தரையில் குறிக்க முளைக்குச்சி அடிக்க வேண்டியிருந்தது. அதற்குச் சந்துக்குள் போகாமல் முடியாது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். குட்டையாக வந்த வீட்டின் பின்னால் வந்ததும் முளை அடிக்க வேண்டிய இடத்தில் ஒரு சுவர் நின்றது. ஓடு வேய்ந்த சின்ன அறை. சந்தைப் பார்த்து ஒரு சிறு கதவு, கதவுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லைப் பெயர்த்தெடுத்த ஓட்டை. வீட்டுக்குத் தூரமான பெண்கள் மூன்று நாள் உட்காரும் அறை என்று பார்த்தவுடனே புரிந்தது. அதை யாரும் வீட்டோடு சேர்த்து எண்ணுவதில்லை.

கதவைப் பாதி திறந்து ஒரு பெண் பார்த்தாள். நாற்பது வயது இருக்கும், வெள்ளைச் சேலை, மழித்த தலை. வீட்டுக்காரரின் தங்கை. சேரன்மகாதேவியில் கட்டிக்கொடுத்து, பதினேழு வயதில் தாலியறுத்துத் திரும்பி வந்தவள். முன்கட்டில் அவளுக்கு இடமில்லாததால் இந்த அறையைக் கொடுத்திருந்தார்கள். மற்றப் பெண்களுக்கு மூன்று நாள், அவளுக்கு வருஷம் முழுவதும். இதையெல்லாம் அவளே சொன்னாள், குறையாக இல்லை, விலாசம் சொல்கிற மாதிரி. அண்ணன் வீட்டுப் பெண்கள் வந்து உட்காரும் நாட்களில் பேச்சுத்துணை உண்டு என்றும் சொன்னாள். மற்ற நாட்களில் அந்தச் செங்கல் ஓட்டை வழியாகச் சந்தைப் பார்ப்பாளாம். காற்றுக்காக அவளே பெயர்த்தது.

குச்சி எதற்கு அடிக்கிறீர்கள் என்று கேட்டாள். படத்தை விரித்துக் காட்டினேன். இது கோவில், இது ரதவீதி, இது உங்கள் தெரு, இது உங்கள் வீடு என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தேன். வாசற்படிக்குள் இருந்தபடியே குனிந்து பார்த்தாள். இவ்வளவு அழகாகப் போடுவீர்களா என்றாள். பிறகு கேட்டாள்.

"இதுல நான் எங்கன இருக்கேன், தம்பி?"

வெள்ளையாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது. திருத்திவிடலாம் அக்கா, இன்னும் கமிட்டி கையெழுத்தாகவில்லை என்று சொன்னேன். சரி என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அந்த இடத்தில் முளை அடிக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் ஓவர்சீர் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆள் குடியிருக்கும் அறை என்று வீட்டுக்காரர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், மதில் ஓரமாகச் சந்தை அந்த இடத்தில் மட்டும் குறுக்கிக்கொள்ளலாம் என்றார். ஒரு வரி. நான் அன்றைக்கே ஜவுளிக்கடைக்குப் போனேன். அவர் நான் சொன்னதை முழுதும் கேட்டார். கோபப்படவில்லை. கையிலிருந்த முழக்கோலைத் துணி மேல் வைத்தார்.

"எழுதுதேன்னே வச்சுக்கிடும். தங்கச்சிய எந்த இடத்துல வச்சிருக்கேன்னு சர்க்கார் கச்சேரித் தாள்ல கையெழுத்துப் போட்டுல்லா எழுதணும். அத நாலு பேரு படிக்கவா?" என்றார். பிறகு பைய, "விட்டுரும் வே" என்றார்.

நான் விட்டுவிட்டேன். அவர் வெட்கப்பட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. அந்த வெட்கத்தால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்பதும் தெரிந்தது. ஆபீசுக்குத் திரும்பினேன். படம் மேஜை மேல் கிடந்தது, ரோஜா நிறம் குழைத்த கிண்ணம் இன்னும் காயவில்லை. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சதுரம், ஒரே பூச்சு. பூசிவிட்டால் ஓவர்சீர் கேள்வி கேட்பார், வீட்டுக்காரர் மறுப்பார், என் வேலை போனாலும் போகும். இதையெல்லாம் அப்போது நினைத்தேனா என்றால் அதுவும் இல்லை. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. தூரிகையை எடுத்துக் கழுவித் துடைத்து உறையில் போட்டேன். பயந்திருந்தால்கூட இன்று என்னை மன்னித்துக்கொள்ள ஒரு வழி இருந்திருக்கும்.

கமிட்டி கையெழுத்துப் போட்டது. மாசிக் கடைசியில் ஒரு காலை வேளையில் ஆட்கள் கடப்பாரையோடு சந்துக்குள் போனார்கள். நானும் படத்தோடு நின்றேன். கூரை ஓடுகளை இறக்கி, சுவரைத் தள்ள அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அவளை முந்தின தினமே சேரன்மகாதேவிக்கு அனுப்பிவிட்டார்கள். இருபது வருஷத்துக்கும் மேலாகத் திரும்பிப் பார்க்காத புகுந்த வீடு. அங்கே மாட்டுத்தொழுவை ஒட்டி இடம் கொடுத்திருப்பதாகச் சங்கிலி பிடிக்கிற ஆள் சொன்னார். இடிக்கப் போனபோது அறை பெருக்கித் துடைத்துக் கிடந்தது. சுவர் நின்ற இடத்தில் நான் முளைக்குச்சி அடித்தேன்.

சந்து நேரானது. வண்டி போனது. உண்மையிலேயே காற்று வந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மேற்கேயிருந்து ஆனிக் காற்று சந்து வழியாகப் புகுந்து அடுப்பங்கரைப் புகையை வெளியே தள்ளியது. பெண்கள் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். கமிட்டிக்காரர்கள் வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். எனக்குச் சம்பளம் கூடியது. நானும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். மருந்து வைத்துக் கட்டிய கைக்கு உணர்ச்சி தெரியாதே, அந்த மாதிரி இருந்தேன்.

ஆவணியில் அந்த ஜவுளிக்காரர் ஒரு மனு கொடுத்தார். மிச்சமிருந்த கொல்லையில், சந்துக்கோட்டுக்கு உள்ளடங்கி, ஒரு அறை கட்டிக்கொள்ள அனுமதி. வீட்டுப் பெண்களுக்கு மூன்று நாள் உட்கார இடமில்லை, முன்கட்டில் இருப்பது சரிப்படவில்லை என்று காரணம் எழுதியிருந்தார். கட்டினால் தங்கை திரும்பி வருவாளா என்று கேட்டேன். அவளுக்கு அங்கேயே பழகிவிட்டது என்றார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

இந்த முறை நானே சந்து வழியாகப் போய் அளந்தேன். நாடாவில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. எட்டடிக்கு ஆறடி, சந்தைப் பார்த்து ஒரு ஜன்னல். படத்தில் அதற்கு ரோஜா நிறம் பூசினேன், ஓரம் தாண்டாமல். கீழே குடியிருப்போர் என்ற கட்டத்தில் பதினொன்று என்று எழுதினேன். இந்தத் தடவை எண்ணிக்கை சரியாக இருந்தது.