நான் தராத நம்பர்

அப்போ நான் திருச்சானூர் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுல சங்கத்துச் செக்ரட்டரி. என்னமோ பெரிய கலெக்டர் உத்தியோகம் மாதிரி காலரத் தூக்கி விட்டுக்கினு திரிஞ்சேன், தூ. பைனான்ஸ்காரங்க வீடு தேடி வந்து வண்டி குடுத்த காலம் அது. கார்வேட்டிநகரம் பக்கத்துல கூலிக்குப் போய்க்கினு இருந்த எங்க ஆளுங்க பாதிப் பேரு திருப்பதிக்கு வந்து காக்கிச் சட்டை மாட்டிக்கினாங்க. வண்டி ஜாஸ்தி, சவாரி கம்மி. அதனால சங்கம் ஒரு ஏற்பாடு பண்ணுச்சு. வண்டி மேல சங்கத்து நம்பர் எழுதியிருந்தாத்தான் வரிசையில நின்னு ஆள் ஏத்தலாம். நம்பர் இல்லாத வண்டி கோயில் பக்கம் வந்தா அடிச்சுத் தொரத்துவோம்.

எங்களுது செங்கொடி சங்கம். மாசம் ஒரு தரம் சித்தூருக்கு வகுப்புக்குப் போவேன். ஒரு தரம் அங்க பேசின தோழர், ஆம்பளையாப் பொறந்து பொம்பளையா வாழறவங்களும் உழைக்கிற ஜனங்கதான், அவங்களையும் சங்கத்துல சேக்கணும்னார். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. திரும்பி வந்து, கொடிக்கம்பத்துக்கிட்ட நின்னு, பாதி தமிழ் பாதி தெலுங்குல அதையே முழங்கினேன். டீக்கடையில எங்க நைனாவுக்குத் தனி கிளாஸ் வெச்ச கதையையும் சேத்துக்கினேன். எல்லாரும் விசிலடிச்சாங்க. நெஜமாவே அப்படி ஒருத்தர் எதிர்ல வந்து நிப்பாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல.

பத்து நாள்ல ஒரு அம்மா வந்தாங்க. முப்பது வயசு இருக்கும். பொடவை மேல காக்கிச் சட்டை. கையில லைசென்ஸ், பேட்ஜ், ரெண்டு போட்டோ. சித்தூர்ல மாம்பழக் கூழ் பேக்டரியில இருந்தாங்களாம். ஆம்பளைங்களும் பக்கத்துல சேக்கல, பொம்பளைங்களும் சேக்கல. அதான் வண்டி ஓட்டக் கத்துக்கினேன்னாங்க.

"அண்ணா, நீங்க அன்னிக்குப் பேசினத எதிர்க்கடையில நின்னு கேட்டேன். கடை கடையா ஏறிக் கையேந்தற பொழப்பு எனக்கு வேணாம். ஒரு நம்பர் குடுங்க, ஓட்டிப் பொழச்சுக்கறேன்."

கமிட்டியில பேசிட்டுச் சொல்றேம்மான்னு அனுப்பினேன். கமிட்டியாவது, மண்ணாவது! டீ குடிக்கறப்ப பசங்ககிட்ட லேசா வாயெடுத்தேன், அவ்ளோதான். "மனக்கெந்துக்கு அண்ணா, நமக்கு எதுக்கு இந்த வம்பு? சாமி கும்பிட வர பொம்பளைங்க ஏறுவாங்களா?"ன்னு ஒருத்தன் கேட்டான். இன்னொருத்தன் அந்தம்மாவ ஒரு சொல்லு சொன்னான். அத எழுதக் கை கூசுது. எல்லாரும் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன். அந்தச் சொல்லு எனக்கும் புதுசு இல்ல, நானும் எத்தினியோ தரம் சொன்னதுதான்.

அப்பறம் அந்தம்மா எப்ப வந்து கேட்டாலும் "அடுத்த வாரம்"னேன். ஸ்டாண்டுக்கு வெளிய, ரோட்டு முனையில, எங்க வண்டியில எடம் கெடைக்காத ஆளுங்கள ஏத்திக்கினு காலம் தள்னாங்க. அங்கயும் எங்க பசங்க போய் மறிச்சாங்க. தெரிஞ்சும் கண்டுக்காம இருந்தேன்.

ஆயுத பூஜை வந்துச்சு. செங்கொடின்னாலும் எங்களுக்குப் பூசணிக்கா இல்லாம வண்டி நகராது. அந்த வருசம் நாலு வண்டி அடிபட்டிருந்துச்சு. "அந்த மாதிரியானவங்க கையால சுத்திப் போட்டா திருஷ்டி நிக்காதுப்பா, அந்தம்மாவ இட்டுக்கினு வா"ன்னு அதே ஆளுங்க என்னையே அனுப்பினாங்க. போனேன். "ஸ்டாண்டுல பூஜைக்கு நீ வரணும்மா"ன்னேன். அந்த மூஞ்சியில வந்த சந்தோஷத்தப் பாத்ததும், நம்பர் கெடைச்சிடுச்சுன்னு நெனைச்சிட்டாங்கன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. புரிஞ்சும் வாயத் தொறக்கல.

மறுநா காலையில வண்டியப் பளபளன்னு கழுவி, சாமந்தி மாலை போட்டு, சீட்டு மேல ஒரு பூசணிக்காயோட ஓட்டிக்கினு வந்து எங்க வரிசையில கடைசியா நிறுத்தினாங்க. எல்லாரும் என்னப் பாத்தாங்க. நான் போய், "வண்டிய அப்பால விட்டுட்டு வாம்மா, இது நம்பர் வண்டிங்களுக்கு"ன்னேன்.

ஹேண்டில ஒடிச்சுத் திருப்பினாங்க. வண்டிய ரோட்டுக்கு அந்தாண்ட விட்டுட்டு வந்தாங்க. முப்பது வண்டிக்கும் பொட்டு வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் கர்ப்பூரம் ஏத்திச் சுத்தினாங்க. "நல்லா ஓடணும், ஆளுக்கு ஒரு கீறல் ஆவக்கூடாது"ன்னு ஒவ்வொரு வண்டிக்கும் சொன்னாங்க. வேண்டா வெறுப்பாச் சொன்ன மாதிரி எனக்குத் தெரியல. அதுதான் இன்னிக்கும் நெஞ்ச அறுக்குது.

எல்லாம் முடிஞ்சு பொரி துன்னுக்கினு இருந்தோம். அந்தம்மா எங்கிட்ட வந்து, "அண்ணா, நம்பர் இப்ப வேணாம். என் வண்டிக்கு நீங்க ஒரு தரம் சுத்தி விடுங்க. எனக்குன்னு சுத்த யாரும் இல்ல"ன்னாங்க.

யாரோ பின்னால களுக்குன்னு சிரிச்சான். ரோட்டத் தாண்டிப் போயிருந்தா என்னா ஆயிருக்கும்? நாலு நாள் கிண்டல் பண்ணியிருப்பானுங்க. அவ்ளோதான். அதுக்குப் பயந்தேன் நான்.

"கர்ப்பூரம் தீந்துபோச்சேம்மா"ன்னேன்.

என் சட்டைப் பாக்கெட்டு மெல்லிசுத் துணி. உள்ள பிரிக்காத கர்ப்பூரப் பொட்டலம் ஒண்ணு துருத்திக்கினு இருந்துச்சு. அந்தம்மா அதப் பாத்தாங்க. அப்பறம் என்னப் பாத்து, "பரவால்லண்ணா"ன்னாங்க.